மேம்பாலத்தில் கேட்காத சத்தம்

பத்து நாளில் மூன்றாவது முறையாக அந்த வெள்ளை வேன் ஷேக் தாவூதின் ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்தது. வந்த வேகத்தில் முன் சக்கரம் சாக்கடை மூடிமேல் ஏறி இறங்கியது. அப்படி ஒரு கோபத்தில் ஓட்டிவந்திருந்தாள் தாட்சாயிணி.

கோவில்பதாகையில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள் அவள். விடிவதற்கு முன் வேனை எடுத்தால் ஆவடி, கள்ளிக்குப்பம், மேனாம்பேடு என்று முப்பத்திரண்டு கடைகள். வெயில் ஏறினால் மாவு பொங்கிவிடும். “எங்க ஊட்டுக்காரரு ஆட்டுவாரு, நான் ஓட்டுவேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அந்த முகத்தில் அன்று சிரிப்பு மருந்துக்குக்கூட இல்லை.

“இன்னா பாய், எஞ்சின் பிரிச்சி மாட்டுனியா, இல்ல பிரிச்சி பிரிச்சி வெளாண்டியா? ஏத்தத்துல மெதிச்சா கடகடகடன்னு அடிக்குது. நேத்து ரேடியேட்டர் கொதிச்சி பருத்திப்பட்டு ஏரிகிட்ட அரை மணி நேரம் நின்னேன். பதினோரு கடைக்கு மாவு போவல!”

தாவூத் பானெட்டைத் திறந்து பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார்.

“ஒண்ணும் சத்தம் இல்லியேம்மா. நல்லாத்தான் ஓடுது.”

“நின்னுகினு கீறப்போ இன்னா சத்தம் வரும்? ஏத்தத்துல வருது பாய், ஏத்தத்துல!”

“நான்தான் ரெண்டு வாட்டி மேம்பாலத்துல ஏத்திப் பாத்தேனே. ஒரு சத்தமும் வரலை.”

டீ குடிக்க வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்கார வேம்புலி, “விடுக்கா, பாய் சொன்னா கரீட்டாத்தான் இருக்கும். பாய் காதுக்கு எதிரா கோர்ட்டுக்கே போவ முடியாது” என்றான்.

தாட்சாயிணிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“காதா? காதுல பஞ்சு வச்சிகினு கீறாரா இந்த ஆளு? தெருவுல போற பொடிசுங்க திரும்பிப் பாக்குதுங்க என் வண்டிய! இவரு ஒருத்தருக்கு மட்டும் கேக்கலியாம்!”

வேம்புலி சிரித்தான். தாவூதும் சமாளித்துச் சிரித்தார். ஆனால் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் வீட்டுக்குப் போகும் கதவில், கையில் டீ தம்ளரோடு நின்றிருந்த ஒருத்தி சிரிக்கவில்லை. அவள் ஷரீஃபுன்னிசா. தாவூதின் மனைவி.

பூந்தமல்லியில் ஷேக் தாவூதைத் தெரியாத வண்டிக்காரர் குறைவு. பத்தொன்பது வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். எட்டு வருடம். இரும்பு இரும்பின்மேல் விழும் அந்த இடி ஓசையில் காதில் வேஸ்ட் துணி செருகிக்கொள்கிறவனைக் கூட இருப்பவர்கள் பொம்பளை என்று கேலி செய்வார்கள். தாவூத் ஒருநாளும் செருகிக்கொள்ளவில்லை. பிறகு சொந்தமாக ஒர்க்‌ஷாப். பழைய பெட்ரோல் வேன்கள்தான் அவருடைய உலகம். இருபத்தாறு வருடமாக அதே இடம், அதே வேலை.

அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. எஞ்சின் சூடாகி, சிலிண்டருக்கு மேலே மூடிபோல் உட்காரும் ஹெட் என்ற பாகம் வளைந்துபோனால், அதை எஸ்டேட்டில் ஜெகனுடைய லேத் பட்டறைக்கு அனுப்பிச் சமமாகத் தேய்த்து வாங்கி மாட்டுவார். எவ்வளவு தேய்ந்தது, மீதி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க மாட்டார். வண்டியை பைபாஸ் மேம்பாலத்துக்குக் கொண்டுபோவார். டாப் கியரில், மெதுவான வேகத்தில், ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்து ஏற்றுவார். ஹெட் அளவுக்கு மேல் தேய்ந்திருந்தால் எஞ்சின் பெட்ரோலை அதிகமாக அமுக்கும். தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டு ஆட்டியதுபோல் சத்தம் வரும். வந்தால் பிரிப்பார். வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுவார். தாட்சாயிணியின் வேனுக்கும் அதையேதான் செய்திருந்தார். “என் காதுதான் மீட்டர்” என்பார். இருபத்தைந்து வருடம் அந்த மீட்டர் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

இந்தக் கதை நடந்தது கொரோனா ஓய்ந்த மறு வருடம். அந்த ஒரு வருடமாக ஷரீஃபுன்னிசாவின் நெஞ்சுக்குள் ஒரு பாரம் இருந்தது. குக்கர் ஏழாவது விசில் அடிக்கும்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அசைய மாட்டார். கட்டிக்கொடுத்த மகள் ரூஹி, “அத்தா ஏன்மா போனையே எடுக்கறதில்ல, எங்கமேல கோவமா?” என்று அழுதாள். ஆனால் ஷரீஃபுன்னிசா பேசினால் அவருக்குக் கேட்கிறது. லாரி வந்தால் கேட்கிறது. எஞ்சினின் உறுமல் கேட்கிறது. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் மட்டும் அவரை விட்டுப் போயிருந்தன. எப்போது போயின என்று அவருக்கே தெரியாது. சத்தம் போனதற்கு எந்தச் சத்தமும் வருவதில்லையே!

அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அவர் கண்ணைவிட, கையைவிடப் பெருமையாக நினைத்தது அந்தக் காதைத்தான். வயசாகிறது, போகட்டும் என்று மூடி வைத்தாள். இப்போது ஒரு பெண்ணின் பிழைப்பு நடுரோட்டில் கொதித்து நிற்கிறது. தான் காத்த மௌனம்தான் அந்த வண்டியைக் கெடுத்ததோ என்று அவள் மனம் பதறியது.

“என்னங்க, ஒரு நிமிசம் உள்ள வாங்க” என்றாள்.

அடுப்படியில் வைத்துத்தான் சொன்னாள். சொன்னதும் தாவூதின் முகம் கறுத்தது.

“நீயுமா ஷரீஃபு? அந்தம்மாதான் வாய்க்கு வந்தத பேசுது. நீ யாரு கட்சி?”

“நான் உங்க கட்சிதாங்க. அதனாலதான் சொல்றேன்.”

“எஞ்சின் ஓடறது கேக்குது. நீ பேசறது கேக்குது. காது கேக்காதவன் இப்படியா எதுத்து எதுத்துப் பேசுவான்?” என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஷரீஃபுன்னிசா ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்தாள். அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று ஆட்டினாள். மெதுவாக ஆட்டினாள். பிறகு வேகமாக ஆட்டினாள். வாசலில் நின்ற வேம்புலிகூடச் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். தாவூத் திரும்பவில்லை. அவள் கை வலிக்கும்வரை ஆட்டினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. கடைசியில் முன்னால் வந்து, ஆடிக்கொண்டிருந்த சாவிக்கொத்தை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

“எவ்ளோ நேரமா ஆட்றேன் தெரியுமாங்க?”

தாவூத் சாவிகளைப் பார்த்தார். அவை ஒன்றோடொன்று மோதுவது கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு வரவில்லை. ஐம்பத்து மூன்று வயது மனிதர், அரிசிப் பானைமேல் கை ஊன்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“யா அல்லாஹ்...”

மிகவும் தணிந்த குரலில், “வெளிய சொல்லிடாத ஷரீஃபு” என்றார். “காது போன மெக்கானிக்குகிட்ட எவன் வண்டி உடுவான்? எனக்கு வேற என்ன தெரியும்?”

“சரி, சொல்லல. அந்தம்மா வண்டி நாளைக்கு பிஸ்டன் ஓட்டையாகி நின்னா?”

அவர் எழுந்துபோய் தாட்சாயிணியிடம் வேன் சாவியை வாங்கிவந்தார்.

“நீ பின்னால உக்காரு. சத்தம் வர்றப்போ என் தோள அமுக்கு. வேற ஒண்ணும் பேசாத.”

தாட்சாயிணியை ஒர்க்‌ஷாப்பில் உட்காரவைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். முப்பது வருட தாம்பத்தியத்தில் அவர் ஓட்டும் டெஸ்ட் வண்டியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. மேம்பாலத்தின் அடியில் டாப் கியருக்கு மாற்றினார். மிதித்தார்.

பத்தடிகூட ஏறவில்லை. தோளில் அவள் விரல்கள் இறுகின.

காலை எடுத்தார். விரல்கள் தளர்ந்தன. மீண்டும் மிதித்தார். மீண்டும் இறுகின. அவர் காதுக்குள் எஞ்சினின் உறுமல் மட்டும் எப்போதும்போல் சீராக, அழகாக, பொய்யாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பாலத்தின் உச்சிக்குப் போவதற்குள் அவள் பதினேழு தடவை அமுக்கிவிட்டாள். பதினேழையும் அவர் எண்ணினார். இறங்கும் இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். சத்தம் வராததால் கொடுத்தனுப்பிய வண்டிகள் ஒவ்வொன்றாக அவர் நினைவுக்கு வந்தன.

திரும்பி வந்ததும் ஷரீஃபுன்னிசா உள்ளே போகப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு பொய் போதும். ‘இப்பத்தான் சத்தம் புடிபட்டுச்சும்மா’ என்றால் முடிந்துவிடும். தாட்சாயிணி நம்பிவிடுவாள். வேம்புலியும் அங்கேயேதான் இருந்தான். உண்மை அவன் காதில் விழுந்தால் மதியத்துக்குள் கரையான்சாவடிவரை போய்விடும்.

தாவூத் தொண்டையைச் செருமினார்.

“உன் வண்டில சத்தம் வருதும்மா. நீ சொன்னது நெசம். எனக்குத்தான் கேக்கல. இன்னிக்கி இல்ல, எப்பவும் கேக்காது போலிருக்கு. என் காது போயிடுச்சும்மா. எனக்கே இப்பத்தான் தெரியும். என்னை மன்னிச்சிடு.”

வேம்புலியின் கையில் டீ அப்படியே நின்றது. வாய்ச் சண்டையில் யாருக்கும் சளைக்காத தாட்சாயிணி திரும்பி ஷரீஃபுன்னிசாவைப் பார்த்தாள். அந்தம்மாவின் கண்கள் சிவந்திருந்தன.

“ஐயே... இன்னா பாய் நீ” என்றாள். “நான் கோவத்துல பஞ்சு கிஞ்சுன்னு...”

“நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“சரி, அத்த உடு. இப்போ என் வண்டிய இன்னா பண்ணப் போறே?”

அந்த ஒரு கேள்வி தாவூதை நிமிர்ந்து நிற்க வைத்தது. இந்தம்மா சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை! வேறு மெக்கானிக்கிடம் போகிறேன் என்று சொல்லவில்லை!

“ஒண்ணு சொல்லு. இந்த வண்டி முன்னாடி கேஸ்ல ஓடுச்சா?”

“ஆமா பாய். வித்தவரு கேஸ் டாங்கிய கயட்டிகினுதான் குட்த்தாரு. பெட்ரோல்ல ஓட்டிக்கோன்னாரு.”

தாவூத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. காது இருக்கிற தைரியத்தில் அவர் யாரையும் எதையும் கேட்டதே இல்லை.

“எஞ்சினுக்குள்ள பிஸ்டன் மேல ஏறி பெட்ரோலயும் காத்தையும் அமுக்குதும்மா. இறுக்கி அமுக்குனா இழுவை நல்லாருக்கும், ஆனா உள்ள சூடு ஏறும். அந்தச் சூட்டத் தாங்கிக்கினு, பிளக்கு நெருப்பு வைக்கறவரைக்கும் பெட்ரோல் பொறுமையா இருக்கணும். முந்திரிக்கொட்டை மாதிரி அதுவா வெடிச்சா அதுதான் நீ கேட்ட கடகடா. அந்தப் பொறுமைக்கு ஒரு நம்பர் கீது, ஆக்டேன்னு பேரு. பங்க்ல நீ போடற சாதா பெட்ரோல் தொண்ணூத்தியொண்ணு. வண்டிக்குப் போடற கேஸு நூறத் தாண்டும். அதனால கேஸ் மாட்டறவங்க இழுவைக்காக ஹெட்ட நல்லா தேச்சி, இறுக்கம் ஏத்தி வச்சிருவாங்க. கேஸ் இருக்கறவரைக்கும் அது தாங்குச்சு. பெட்ரோலுக்கு மாத்தினதும் ஏற்கெனவே வெளிம்புல நின்னுருக்கு. அது தெரியாம, ஹெட் வளைஞ்சதுன்னு நானும் எம்பங்குக்குத் தேச்சிட்டேன்.”

தாட்சாயிணி யோசித்தாள். “அப்போ என் பொறுமை நம்பரு எவ்ளோ பாய்?”

“காலைல பாத்தேனே. எம்பதுகூடத் தேறாது.”

வேம்புலி விழுந்து விழுந்து சிரித்தான். ஷரீஃபுன்னிசாவுக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு நடந்த வேலைக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் மாவு பாக்கெட்டுகள் வேம்புலியின் ஆட்டோவில் போயின. அவனாகவே சொன்னான். “பாய் எனக்கு எத்தினியோ வாட்டி நடுரோட்ல வந்து வண்டிய கெளப்பி குட்த்துருக்காரு. நான் ஓட்றேன், நீ கடைய காட்டு” என்றான்.

முதலில் தாவூத் டேங்கில் இருந்ததை வடித்துவிட்டு, தொண்ணூற்றைந்து நம்பர் பெட்ரோலை ஊற்றிப் பார்த்தார். ஷரீஃபுன்னிசாவின் விரல்கள் பாலத்தில் ஐந்து தடவைதான் இறுகின. “கொறைஞ்சிருக்குங்க, ஆனா போவல” என்றாள். பிளக் நெருப்பு வைக்கும் நேரத்தைத் தள்ளி வைத்தார். சத்தம் நின்றது, கூடவே இழுவையும் போய், வண்டி பாலத்தில் மாட்டுவண்டியாக ஏறியது.

“மாவு லோடோட இது தாங்காது” என்று தலையாட்டினார். “அந்தம்மா போற வழியில எல்லா பங்க்லயும் தொண்ணூத்தஞ்சு கிடைக்காது. கிடைச்சாலும் பத்தாது. அவங்க என்ன பெட்ரோல் போடுவாங்களோ அதுக்குத் தகுந்தாப்ல எஞ்சின் இறுக்கத்தத்தான் கொறைக்கணும்.”

ஹெட்டைக் கழற்றினார். இந்த முறை காதை நம்பவில்லை. மருந்துக்கடையிலிருந்து ஒரு ஊசிக்குழல் வாங்கிவந்தார். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் குழிமேல் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கிரீஸால் ஒட்டி, அதிலிருந்த சிறிய துளை வழியாக மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். எத்தனை மில்லி பிடிக்கிறது என்று ஷரீஃபுன்னிசா எழுதிக்கொண்டாள். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டின் இடம் எல்லாம் சேர்த்து இருபத்தெட்டு மில்லிதான் வந்தது. கணக்குப் போட்டால் பத்தரைக்கு ஒன்று என்று இறுக்கம். கம்பெனியிலிருந்து வந்தபோது அது ஒன்பதுக்கும் கீழே.

ஜெகனுக்கு போன் செய்தாள் ஷரீஃபுன்னிசா. ஒருதடவைகூடத் தேய்க்காத பழைய ஹெட் ஒன்று தன் பட்டறைப் பரணில் கிடப்பதாக அவன் சொன்னான். “பாய்க்குன்னா எடுத்துனு போங்கக்கா. எனக்கும் இதுல பங்கு கீது. எவ்ளோ மீதின்னு நானாச்சும் அளந்து சொல்லியிருக்கணும்” என்றான். அதையும் ஊசிக்குழலால் அளந்தார்கள். முப்பத்து நான்கு மில்லி, கணக்குப்படி கம்பெனி வைத்த அதே இறுக்கம். தாவூத் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். காது தராத பதிலை ஒரு ஊசிக்குழல் தந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் உதடு அசைந்தது.

அந்த ஹெட்டை மாட்டி, மூன்றாம் நாள் சாயங்காலம் மேம்பாலத்துக்குப் போனார்கள். இந்தத் தடவை தாட்சாயிணியே ஓட்டினாள். டேங்கில் அவள் எப்போதும் போடும் சாதாரண பெட்ரோல். பின்னால் ஆறு மூட்டை அரிசி, உளுந்து. பக்கத்து சீட்டில் தாவூத். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவள் முகத்தைப் பார்த்தார். திரும்பி, பின்னால் இருந்த மனைவியின் முகத்தைப் பார்த்தார். பரீட்சை எழுதிய பிள்ளை வாத்தியார் முகத்தைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தார்.

பாலம் ஏறத் தொடங்கியது. டாப் கியர். தாட்சாயிணி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பாதி ஏற்றம். முக்கால் ஏற்றம். ஷரீஃபுன்னிசா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். காற்றும் டயரும் எஞ்சினும்தான். வேறு எதுவும் இல்லை. உச்சியைத் தொட்டதும் தாட்சாயிணி, “பாயம்மா! ஒண்ணுமில்ல! வழுக்கினு போவுது!” என்று கூவினாள். அது அவருக்குக் கேட்டதோ இல்லையோ, இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் சிரித்ததை அவர் பார்த்துவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்ததை இருவரும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

ஆனால் அவருக்கு உள்ளே ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. கடந்த ஒரு வருடத்தில் ஹெட் தேய்த்து மாட்டிய வண்டிகள் பதினான்கு. ஒவ்வொருவருக்கும் ஷரீஃபுன்னிசாவைப் போன் செய்யச் சொன்னார். “பாய்க்குக் காது சரியில்லாம இருந்துச்சு. வண்டிய ஒருவாட்டி கொண்டாங்க, பாத்துக் குடுக்கறோம்.” இரண்டு வண்டிகளில் சத்தம் இருந்தது. இரண்டையும் பிரித்துச் சரிசெய்தார். தெரிந்துபோயிற்று, பூந்தமல்லி முழுக்கத் தெரிந்துபோயிற்று. இரண்டு வாரம் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு வண்டியும் வந்து நிற்கவில்லை. தாவூத் தினமும் வாசலைக் கூட்டி, ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, மதியம் தொழுகைக்குப் போய் வந்து, மறுபடியும் துடைத்தார். பயந்தது நடந்துவிட்டதே என்று ஷரீஃபுன்னிசா உள்ளுக்குள் உடைந்தாள். அவரோ, “பொய்யா பத்து வண்டி நிக்கறதுக்கு இது மேல்” என்றார்.

ஊர் முழுக்கச் சொன்னது வேம்புலி அல்ல, தாட்சாயிணிதான். முப்பத்திரண்டு கடையிலும், மாவு இறக்கும்போதெல்லாம், சொல்லிக்கொண்டே போனாள். முதலில் கேட்டபோது ஷரீஃபுன்னிசாவுக்கு நெஞ்சு எரிந்தது. முழுசாக என்ன சொன்னாள் என்பது பிறகுதான் தெரிந்தது. “தப்பு பண்ணா ஒத்துக்கற மெக்கானிக்க நீ பாத்துருக்கியா? நான் பாத்துருக்கேன். காது அவுட்டு, அவரே சொன்னாரு. அதுக்குத்தான் பாயம்மா காது கீதே! அதுவுமில்லாம இப்போ ஊசி போட்டு அளக்குறாரு, ஒரு சொட்டு தப்பாது!”

பதினாறாம் நாள் மேனாம்பேட்டிலிருந்து ஒரு வேன் வந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர், பெயர் டில்லிபாபு. இறங்கி வந்து தாவூதைப் பார்த்தார், பின்னால் எட்டிப் பார்த்தார்.

“பாயம்மா கீறாங்களா?”

தாவூதுக்கு அவர் உதடசைவிலேயே கேள்வி புரிந்தது. “இருக்காங்க. என்ன விசயம்?”

“இல்ல, வண்டி ஏத்தத்துல அடிக்குது. மாவுக்காரம்மா சொன்னாங்க, பாயம்மா ஒக்காந்து கேட்டாத்தான் கரீட்டா இருக்கும்னு.”

இருபத்தாறு வருடம் ‘பாய் காது’ என்று பேர் வாங்கிய மனிதரிடம் வந்து ஒருத்தர் அவர் மனைவியைக் கேட்கிறார். தாவூத் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாசலில் பல நாளாகக் கேட்காத சிரிப்பு.

“ஷரீஃபு! உன்னத்தான் தேடி வந்துருக்காங்க!” என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, டில்லிபாபுவிடம் திரும்பினார். “மொதல்ல இத்தச் சொல்லுங்க. வண்டி எப்பவாச்சும் கேஸ்ல ஓடுச்சா? எந்த பங்க்ல, என்ன பெட்ரோல் போடுவீங்க?”

ஷரீஃபுன்னிசா கையில் ஒட்டியிருந்த கோதுமை மாவைக் கழுவித் துடைத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்தாள். ஒரு வண்டிக்காரர் தன்னைத் தேடி வந்திருக்கிறாரே என்ற கூச்சம் முகத்தில் இருந்தது. தாவூத் பின்கதவைத் திறந்து, தண்ணீர் கேன்களை ஓரமாகத் தள்ளி, அவள் உட்கார இடம் செய்துகொடுத்தார்.